கேத வீட்டுப் பிள்ளைகள்

மேலூர்ப் பக்கம் ஒரு கேத வீட்டில், தகப்பனை இழந்த சிறுவனிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்க, அவன் தெருவில் வரும் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தான். சின்னஞ்சிறு பிள்ளைகள் பலரும் இறந்தவர் திரும்பி வருவார் என்றே நம்புவார்கள். "தூங்குகிறார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படுவார்கள். தன் கோபத்தால்தான் இப்படி ஆனது என்று உள்ளுக்குள் மறுகுவதும் உண்டு. "அப்பா இறந்துவிட்டார், நீ காரணமில்லை" என்று பக்கத்தில் அமர்த்தி நேராகச் சொல்லுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, படுக்கையை நனைக்கும், பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை அதட்ட வேண்டாம் (தாய்மாமன்மாருக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்). அது நீடித்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.