'ஊசி 1' என்று மட்டும் எழுதிய சீட்டு

எங்கள் நாய் மணி லாப்ரடார், வயது 9, எடை 34 கிலோ. இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு மெலாக்சிகம் என்ற வலி நிவாரணி சிரப் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்புறம் தினமும் 0.1, சாப்பாட்டோடு. ஒரு வாரம் ஒரு தொல்லையும் இல்லை.

எட்டாம் நாள் அரிப்பு. வழக்கமான டாக்டர் ஊரில் இல்லாததால் வேறொரு கிளினிக்குக்குப் போனோம். ஊசி போட்டு, சீட்டில் 'ஊசி 1' என்று எழுதிக் கொடுத்தார்கள். வேறு மருந்து ஓடுகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவும் சிரப் கொடுத்தேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டான். காபித்தூள் கரைத்தது போல வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று. "ஈரல் தின்னான்ல, அதான்" என்றார் அம்மா. அதை நம்பி ஒரு நாள் போனது. சிரப்பையாவது நிறுத்தியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

ஊர் திரும்பிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஊசி போட்டாங்க?" சீட்டை நீட்டினேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி அந்தக் கிளினிக்குக்கு ஓடினேன். "டாக்டர் வந்தாத்தான் சார் தெரியும்" என்றான் கவுன்டர் பையன். டாக்டர் போனை எடுக்கவில்லை. பெட்ரோல்தான் தண்டம்.

காப்பாற்றியது என் மனைவியின் போன். ஊசி போடும்போது மணியின் பரிதாப முகத்தைப் படம் எடுத்திருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் மேஜையில் குப்பி: டெக்ஸாமெத்தசோன், ஒரு ஸ்டீராய்டு!

ஸ்டீராய்டும் மெலாக்சிகமும் சேரவே கூடாதாம். இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை இரண்டுமே குறைக்கும். அமிலம் சுவரையே அரித்துப் புண்ணாக்கும். ஒன்றை நிறுத்தி, சில நாள் விட்டுத்தான் மற்றது. ரத்தத்தில் பி.சி.வி. (சிவப்பணுக்களின் சதவீதம்) 24, நாய்க்கு 37-க்கு மேல் இருக்க வேண்டும். ஸ்கேனில் இரைப்பையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை, தப்பித்தோம்.

டிரிப்ஸ், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட்தான் பாடு. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லா சிரிஞ்சால் கன்னப் பக்கமாக விட வேண்டும். சாப்பாட்டுக்கும் மற்ற மருந்துக்கும் இடைவெளி வேண்டும். சமையலறையில் அலாரம் வைத்தே சமாளித்தோம்.

குப்பியைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முறைத்தாலும் பரவாயில்லை. நாய் நொண்டுகிறதே என்று வீட்டில் இருக்கும் இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக்கில் பாதி கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் இதே புண்ணில்தான் கொண்டுபோய் விடும்.

சிகிச்சையின் ஐந்தாம் நாள் காலை மணி பழுப்பு நிறத்தில் போனான். அதையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.