ராஜ்ய புரஸ்காருக்கு விண்ணப்பிக்கும் முன் சான்றிதழில் உள்ள தேதியைப் பாருங்கள்

மகளுக்கு ராஜ்ய புரஸ்கார் கிடைத்துவிட்டது. பள்ளிகளில் ஆளுநர் விருது என்று சொல்வார்களே, அதுதான். சந்தோஷம் இருக்கிறது. ஆனால் ஒரு தேதிக்காக எங்களை அலையவிட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. சாரணர், சாரணியர் இயக்கத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிற பெற்றோர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த விருதுக்கு முன்னால் ஏற வேண்டிய படிகளில் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான் எல்லாம் பள்ளியிலேயே ஒழுங்காக முடிந்தன. அடுத்த படியான திருதிய சோபான் தேர்வு முகாமுக்கும் போய்த் தேறிவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்துத்தான் ராஜ்ய புரஸ்கார். முகாம் முடிந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் தாராளமாகத் தாண்டியிருந்தது. ஆனால் சான்றிதழ் பல மாதம் தாமதமாக வந்தது. அதில் போட்டிருந்ததோ சான்றிதழ் எழுதிய தேதி. முகாம் நடந்த தேதி எங்கேயும் இல்லை.

விண்ணப்பத்தைச் சாரணர் இயக்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே இருந்தவர், மகள் செய்ததையெல்லாம் தேதியோடு எழுதி வைத்த லாக் புக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார், "ஒன்பது மாசம் ஆகலையேம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கங்க" என்று தள்ளி வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் என்று சொல்வது அவருக்குச் சுலபம். மகள் படிப்பது பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளி உயர்நிலைப் பள்ளி, பத்தோடு முடிகிறது. பதினொன்றுக்குத் திருமங்கலத்தில் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கிறதோ, அங்கே சாரணியர் குழு இருக்குமோ இருக்காதோ. ராஜ்ய புரஸ்கார் இல்லாமல் அடுத்ததான ராஷ்டிரபதி விருதுக்கு, அதாவது குடியரசுத் தலைவர் விருதுக்கு, போக முடியாது. ரயில்வே வேலையில் சாரணர் ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பதும், அதற்கு ராஷ்டிரபதி விருது எவ்வளவு முக்கியம் என்பதும் விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய் வந்த பிள்ளையிடம் போய் என்ன சொல்வது?

முகாம் எப்போது நடந்தது என்று உங்களிடமே பட்டியல் இருக்குமே என்று கேட்டேன். "பழைய ஃபைலெல்லாம் கட்டிப் போட்டாச்சும்மா" என்றார். தலைமை ஆசிரியை நல்லவர். வருகைப் பதிவேட்டில் அந்த நாட்களில் மகள் பெயருக்கு நேரே முகாம் என்று குறித்திருப்பதைப் பார்த்து, பள்ளித் தாளிலேயே கடிதம் எழுதிக் கொடுத்தார். அதுவும் செல்லாதாம். பள்ளி சொல்வது போதாது, முகாமில் கொடுத்த தாள் வேண்டுமாம். திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பேருந்து நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ், மத்தியானச் சாப்பாடு இல்லாமல் திரும்பி வருவது. இப்படியே போனது.

முகாமுக்கு அழைத்துப்போன சாரணியர் ஆசிரியை பொது மாறுதல் கலந்தாய்வில் தேனிப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. "இருங்க. முகாமுக்குப் போனா எங்களுக்கும் வருகைச் சான்று தருவாங்க. அதைப் பள்ளியில கொடுத்தாத்தான் அந்த நாளெல்லாம் வேலை நாளாக் கணக்காகும், ஓ.டி. கிடைக்கும். நகல் என்கிட்ட இருக்கு" என்றார். எங்களுக்கு வழி திறந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள் என்பதால், உசிலம்பட்டி போய், அங்கிருந்து ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போனேன்.

உணவு இடைவேளையில் ஆசிரியை ஒரு பச்சை பிளாஸ்டிக் ஃபைலோடு வெளியே வந்தார். அரைப்பக்கத் தாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை முகாம் என்று நீல மையில் தெளிவாக எழுதி, முகாம் தலைவர் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தன. அதற்குப் பின்னால் குண்டூசி குத்தி, அவர் அழைத்துப்போன பிள்ளைகளின் பட்டியல். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கியிருந்தது. மகள் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. நகலில் "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேறு ஊருக்குப் போன பிறகும் பழைய பள்ளிப் பிள்ளைகளின் தாளை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அதைக் கொண்டுபோன அன்று பழைய ஆள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே இருந்த பொறுப்பாளரிடமே நேராகப் போனேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சான்றிதழில் முகாம் தேதியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம், முத்திரை. ஐந்து நிமிஷ வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்!

இன்னொரு சின்னத் தலைவலி, இனிஷியல். பள்ளிச் சான்றில் தமிழில் ஓர் எழுத்து, சாரணியர் சான்றிதழில் ஆங்கில எழுத்து பெயருக்குப் பின்னால். அதைத் தலைமை ஆசிரியையின் கடிதத்தோடு முடித்துக்கொண்டோம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாத் தாளிலும் எழுதச் சொல்லிவிடுங்கள்.

ராஜ்ய புரஸ்காருக்கான மாநிலத் தேர்வு முகாம் நல்லபடியாக முடிந்தது. அங்கே பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். நைலான் கயிறு கொடுத்து அனுப்பாதீர்கள். வழுவழுவென்று இருப்பதால் முடிச்சு நிற்காது. கீழமாசி வீதிப் பக்கம் கயிற்றுக் கடைகளில் பருத்திக் கயிறு கேட்டால் வெட்டித் தருவார்கள். இரண்டு முனையிலும் நூல் சுற்றிக் கட்டி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பிரிந்துவிடும், அதையும் தேர்வாளர் பார்க்கிறார். மகளைக் கண்ணைக் கட்டி, தன் இடுப்பைச் சுற்றி போலைன் முடிச்சுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆளைக் கயிற்றில் இறக்கும்போது இறுகாத முடிச்சு அது. வீட்டில் இரவு கரண்ட் போகும்போதெல்லாம் போட்டுப் பழகியவள், ஒரே தடவையில் போட்டுவிட்டாள்.

வாய்மொழியில் வரலாறு கண்டிப்பாகக் கேட்பார்கள். 1907இல் பேடன் பவல் பிரவுன்ஸீ தீவில் நடத்திய முதல் முகாம், 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானது, இந்த இரண்டும் நுனிநாக்கில் இருக்கட்டும். இறைவணக்கமும் கொடிப்பாட்டும் இந்தியில். தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், இந்தி தெரிந்த ஒருவர் முன்னால் ஒரு தரம் பாடிக் காட்டிவிடுவது நல்லது.

லாக் புக்கில் சேவைப் பகுதிதான் மகளுக்குக் கைகொடுத்தது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் தண்ணீர் கொடுத்ததையும், கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட ஒரு சிறுவனைப் போலீஸ் உதவி மையத்தில் சேர்த்ததையும் தேதி, நேரத்தோடு எழுதி, அங்கே இருந்த ஆசிரியரிடம் அன்றே கையெழுத்தும் வாங்கியிருந்தாள். தேர்வாளர் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, அந்தப் பையன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டாராம். மஞ்சள் பனியன் என்று டக்கென்று சொல்லியிருக்கிறாள். ஊரார் லாக் புக்கைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முகாம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும், ஆசிரியரின் வருகைச் சான்றையும் பிள்ளைகளின் பட்டியலையும் நகல் கேட்டு வாங்கி வையுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆசிரியர் மாறிப்போன பிறகு தேடுவது பெரிய பாடு.

எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் புது சாரணியர் ஆசிரியையிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். இந்த வருஷம் திருதிய சோபான் முடித்த பிள்ளைகளின் சான்றிதழ்களை அவர் வாங்கும்போதே, முகாம் நடந்த தேதியையும் எழுதச் சொல்லி நின்று வாங்கி வந்திருக்கிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது.