கொழுந்து மடுவத்தில் ஒரு கூட்டம்

இலங்கை மலையகத்தில் எங்கள் டவுனுக்குப் பின்னால் ஒரு ஓயா, அதாவது சின்ன ஆறு, ஓடுகிறது. கடைகளின் பின்வாசலெல்லாம் அதைப் பார்த்துத்தான் இருக்கும், கடைகளின் குப்பையும் அங்கேதான் போகும். அந்தக் கரையில் 'அனைவருக்குமான பூங்கா' ஒன்று அமைக்கப் போகிறோம், மக்களிடம் கருத்துக் கேட்டு எழுதிக் கொடுங்கள் என்று ஒரு திட்டத்தில் என்னை வெளிக்கள உத்தியோகத்தராக எடுத்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன், சிங்களமும் பேசுவேன். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முதல் கூட்டத்தைக் கெடுத்தவன் நான்தான். புதன்கிழமை காலை பத்து மணி, டவுன் மண்டபம். கடை முதலாளிகள் வந்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழுந்து எடுக்கும் ஒரு பெண்கூட வரவில்லை. எப்படி வருவார்கள்? பத்து மணிக்கு மலையை விட்டு இறங்கினால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளத்துக்கான பதிவு, போய்விடும். பேர் விழவேண்டுமே என்று என் அம்மா காய்ச்சலோடு மலைக்கு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கே அது தோன்றவில்லை. வாங்கிய பணிஸில் பாதி மிச்சம்.

அப்புறம் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் பேசி, சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்துக்கே போனேன். நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம். எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள். "பூங்காவுல உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி சார்." அடுத்தவரைக் கேட்டாலும் அதே பதில்தான். இதைத்தான் பல அறிக்கைகளில் 'மக்கள் வரவேற்றனர்' என்று எழுதுகிறார்கள் போல.

வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் பேச்சு வந்தது. ஆற்றோரம் நீளத்துக்குப் பச்சைப் புல்தரை, அதன் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம். ஒரு அக்கா சிரித்துவிட்டார். "இதுல யாரு ஒக்காருவா? அட்டைக்கா விருந்து?" பக்கத்திலிருந்தவர் படத்தில் கிளை விரித்து நின்ற பெரிய மரத்தில் விரலை வைத்தார். "இந்தக் கொப்புல குளவி கட்டுனா புள்ளைகளை யாரு காப்பாத்துறது?" குளவி கொட்டி உயிர்போன கதை தெரியாத தோட்டம் மலையகத்தில் இல்லை. வரைந்தவருக்கு அது நிழல், இவர்களுக்கு அது குளவிக்கூடு.

எனக்கு அங்கேதான் புத்தி வந்தது. கேள்வியை மாற்றினேன். "சம்பளத்தன்னைக்கு டவுனுக்கு வந்தா, பஸ் வர்ற வரைக்கும் எங்க இருப்பீங்க?"

பூட்டிய கடைத் தாழ்வாரத்தில். அரிசிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளை. கடைக்காரர் திறக்க வந்தால் அடுத்த கடைக்கு நகர வேண்டும். சரி, கக்கூசுக்கு? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு வயதான அம்மா மெதுவாகச் சொன்னார்: "டவுனுக்குப் போற அன்னைக்கு காலையில தேத்தண்ணி குடிக்கமாட்டோம் தம்பி." மற்றவர்களும் தலையாட்டினார்கள். என் அம்மாவும் டவுனுக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடுதான் கிளம்புவார். விரதம் என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு எழுதியதில் முதல் வரி மலசலகூடம், இரண்டாவது கூரை போட்ட நீள பெஞ்சு, பஸ் வருவது தெரியும் இடத்தில். மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாமல் அடிக்கும் தென்மேற்கு மழைக்குக் கூரையில்லாத பெஞ்சு எதற்கு? டிக்கெட் வைக்கக்கூடாது என்பதையும் எழுதினேன். பிள்ளைகளோடு நுவரெலியா கிரகரி வாவிக்குப் போனவர்கள், வாசலில் காசை எண்ணிப் பார்த்ததை மறக்கவில்லை.

கோயில் தலைவர் ஒருவர் கேட்டது எந்தப் படிவத்திலும் அடங்காது. வரைபடத்தில் கரை நெடுக இரும்புக் கம்பி வேலி போட்டிருந்தார்கள், பாதுகாப்புக்கு. "கரகம் எங்க பாலிக்கிறது? கருமாதிக்கு எங்க எறங்குறது?" என்றார். கரகம் சோடித்து எடுக்கும் திருவிழாவின் தொடக்கமும் ஆற்றில், சாவின் முடிவும் ஆற்றில். பூங்கா வந்தால் ஆறு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. ஆற்றோரம் மரக்கறி விற்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் தன் கடைச் சுவரில் ஒரு கறையைக் காட்டினார். என் இடுப்புக்கு மேலே இருந்தது. வெள்ளம் வந்த மட்டம். வரைபடத்தில் சிறுவர் ஊஞ்சல் அதற்குக் கீழே இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த வரைகலைஞர் நல்ல பெண். மழையில் எங்களோடு கரையெல்லாம் நடந்தார், இரண்டு முறை வழுக்கி விழுந்தார், அடுத்த வாரமே ஊஞ்சலை மேலே ஏற்றி, வேலியில் இடைவெளி விட்டுப் படித்துறை வரைந்து அனுப்பினார். தகராறு வந்தது சாய்தளத்தில்தான். நடக்க முடியாத 19 வயது மகனை முதுகில் சுமந்தே டவுனுக்குக் கொண்டுவரும் ஒரு தாய் அதைக் கேட்டிருந்தார். "சக்கர நாற்காலி தர்றேன்னாங்க தம்பி, எங்க உருட்டுறது?" ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எங்கள் கரை ரோட்டிலிருந்து மூன்று மீட்டர் பள்ளம். ஆக 36 மீட்டர், நடுவில் நின்று இளைப்பாறத் தட்டையான இடங்கள் வேறு. "ஒரு ஆளுக்காகவா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொது இடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன என்று எடுத்துச் சொன்னேன். முழங்கால் போன கிழவிகளும் அதில்தான் இறங்குவார்கள் என்றும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

முதல் கட்ட வேலை முடிந்துவிட்டது. கூரை பெஞ்சு வந்தது, மலசலகூடம் வந்தது, படித்துறையும் வந்தது; போன திருவிழாவுக்குக் கரகம் அங்கேதான் பாலித்தார்கள். சம்பள நாளில் அந்தப் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். சாய்தளம் மட்டும் 'இரண்டாம் கட்டம்' என்று ஒரு வரியாகக் கோப்பில் இருக்கிறது. என் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. அந்தத் தாயை இப்போதும் டவுனில் பார்ப்பேன், மகன் முதுகில்தான் இருப்பான். தூரத்திலேயே என்னைக் கண்டுகொள்வார்.

"தம்பி, அந்த ரெண்டாங் கட்டம் எப்ப?"