ஹவ்கியும் ஹவ்க்காவும்

பின்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலம் வைட்டமின் டி மாத்திரையும் தூக்கமுமாகப் போனது. இரண்டாவதில் வழுக்கி விழாமல் நடக்கப் பழகினேன். மூன்றாவதில்தான் ஐஸ் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கும் கிறுக்கு பிடித்தது.

அதற்கு விதை போட்டது ஆபீஸ் நண்பர் ஒருவர் காட்டிய படம். ஹவ்கி என்றார். ஆங்கிலத்தில் பைக். நீண்ட உடம்பு, வாத்து அலகு மாதிரி தட்டை வாய், பச்சை மேல் வெளிர்புள்ளிகள். நாணல் ஓரத்தில் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் மீனை ஒரே பாய்ச்சலில் அடிக்குமாம். எனக்கு உடனே சிவகங்கைப் பக்கத்து எங்கள் கண்மாய் விரால் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் தவளையைக் கோத்து விராலுக்குத் தூண்டில் போட்ட கை இது. விட்டுவிட முடியுமா?

சட்டம் முதலில் ஆச்சரியமாக இருந்தது. ஐஸில் ஓட்டை போட்டு, கையளவுத் தூண்டிலை ஆட்டி ஆட்டிப் பிடிப்பதற்குப் பெயர் பில்க்கி. அதற்கு லைசென்ஸ் கிடையாது, கட்டணம் கிடையாது. என்னைப் போல நேற்று வந்தவனும் பிடிக்கலாம். ஆனால் ஹவ்கிக்கென்றே ஒரு சாதனம் உண்டு. செத்த சிறு மீனைக் கோத்து ஓட்டைக்குள் இறக்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம், மீன் இழுத்தால் கொடி எழும்பும். அது பில்க்கி கணக்கில் வராது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அது போதாதென்று அந்தத் தண்ணீரின் சொந்தக்காரரிடம் அனுமதியும் வாங்க வேண்டும். தண்ணீருக்குச் சொந்தக்காரரா என்று கேட்டால், பல ஏரிகள் கரையோர நிலக்காரர்களின் கூட்டுச் சொத்து. ஒசகஸ்குந்தா என்பார்கள். நம்ம ஊர்க் கண்மாயில் மீன் குத்தகைக்காரர் கம்போடு நிற்பார். இங்கே கம்பு மட்டும் இல்லை. சரி, முதல் வருஷம் பில்க்கியே போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த கேள்வி, எந்த ஏரி? இந்த நாட்டில் குளம் குட்டையையும் சேர்த்து எண்ணினால் சுமார் 1,88,000 ஏரிகள். ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரில் எங்கள் வீட்டைச் சுற்றியே கை விரலுக்குமேல் தேறும். இரவெல்லாம் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் நூக்ஸியோ தேசியப் பூங்காவுக்குள் ஹவ்க்கலம்பி என்ற பெயர் கண்ணில் பட்டது. லம்பி என்றால் குளம். ஹவ்கி வாழும் குளம்! பெயரிலேயே மீன் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை விடியற்காலை எஸ்போ சென்டரிலிருந்து 245 பஸ். இறங்கி, பனியில் இரண்டு கிலோமீட்டர் போல நடை. முதுகில் கை ட்ரில், உட்கார ஒரு பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்க்கில் சுக்குக் காபி. போய்ச் சேர்ந்ததும் வெற்றிக் களிப்பில் குளத்தைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். பதில் இரண்டு நிமிஷத்தில் வந்தது: ‘ஹவ்கி மீன். ஹவ்க்கா பருந்து. நீ நிற்பது பருந்துக் குளம்.’ ஒரு ‘க்’ கூடினால் மீனுக்குச் சிறகு முளைத்துவிடுகிற மொழி இது. காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்குப் பருந்தும் கண்ணில் படவில்லை.

அப்புறம் பெயரை விட்டுவிட்டு ஆழத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஏரிகளைப் பற்றிய தகவல் இங்கே இணையத்திலேயே இருக்கிறது. பல ஏரிகளின் பரப்பு, ஆழம் எல்லாம் அதில் கிடைக்கும். ஹவ்கி பார்க்கிறவர்களுக்கு வேண்டியது நட்ட நடு ஆழம் இல்லை. நாணல் முடிந்து தரை சரியும் விளிம்பு, ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் தண்ணீர், பக்கத்தில் சின்ன மீன்கள். ஐஸ் புதிதாகப் பிடித்த முதல் சில வாரங்கள் நல்ல காலம். நடுக் குளிரில் மீன் மந்தம். மார்ச்சில் மறுபடி சுறுசுறுப்பு, ஏனென்றால் ஐஸ் உருகியதும் நாணல் திட்டுகளில் முட்டை இடுவதற்காகப் பெரிய மீன்கள் கரையோரம் ஒதுங்க ஆரம்பிக்கும்.

தூசுலன்யார்வி நல்ல மீன் ஏரி என்று கேள்விப்பட்டு அங்கே கிளம்பியபோது நண்பர் தடுத்தார். அங்கே மீன்கள் மூச்சுத் திணறாமல் இருக்கக் குளிர்காலத்தில் இயந்திரம் வைத்துத் தண்ணீருக்குக் காற்று கொடுக்கிறார்கள். அந்த இடங்களைச் சுற்றி ஐஸ் பிடிமானம் இல்லாமல் இருக்கும். பலகை வைத்து எச்சரித்திருப்பார்கள்தான், ஆனால் பின்னிஷ் பலகையை நான் எந்த அழகில் படிப்பேன் என்பதற்கு ஹவ்க்கலம்பியே சாட்சி.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் மாடிப்படியில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு பெரியவர். மூன்று வருஷத்தில் ‘மொய்’ என்ற வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் ட்ரில்லைப் பார்த்ததும் நின்றார். எங்கே போகிறாய் என்று கேட்டார். ஏரிப் பட்டியலைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, ‘ஏன் ஏரி? கடல் இருக்கிறதே’ என்றார்.

கடலில் எப்படி ஹவ்கி? பால்டிக் கடல் பெயருக்குத்தான் கடல். ஹெல்சிங்கிப் பக்கம் ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு 5, 6 கிராம்தான். பெருங்கடலில் 35 கிராம். உப்புக் குறைவாகப் போட்ட கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் நன்னீர் மீன்கள் கூச்சமில்லாமல் கடலில் குடித்தனம் நடத்துகின்றன. எஸ்போவின் ஒட்டானியெமி பகுதிக்குப் பக்கத்து லாயலஹ்தி விரிகுடா, நாணல் சூழ்ந்த ஆழமற்ற தண்ணீர். மெட்ரோவில் போய்விடலாம். நான் ஒரு மாதமாக நாடு முழுக்கத் தேடியது மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரே குறை, கடல் ஐஸை நம்பிக் காலண்டரில் குறிக்க முடியாது. 2020இல் குளிரே இல்லாமல் போய், இந்தப் பக்கம் ஐஸ் பெயருக்குத்தான் பிடித்தது.

பெரியவரே கூட வந்தார். கரையிலேயே என் கழுத்தில் இரண்டு கூர்முனைப் பிடிகளை மாட்டிவிட்டார். உள்ளே விழுந்தால் ஐஸில் குத்தி ஏறுவதற்கு. ஒருவர் நடக்க 5 சென்டிமீட்டர் உறுதியான ஐஸ் போதும் என்பார்கள், அவர் 10க்குக் குறைந்தால் இறங்குவதில்லை. பனி கலந்த வெள்ளை ஐஸை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாணல் விளிம்பிலிருந்து ஆழத்தை நோக்கி வரிசையாக ஐந்து ஓட்டை போட்டோம். ஓட்டையில் மிதக்கும் ஐஸ் துகளை அள்ள அவரிடம் தனிக் கரண்டி இருந்தது. என்னிடம் வீட்டு ஜல்லிக்கரண்டி. அதைச் சிறிது நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டைக்குக் கால் மணி நேரம். நடுவில் அம்மா வீடியோவில் வந்தாள். ‘ஏண்டா, தண்ணி மேலயா நிக்கிற? மொதல்ல கரைக்குப் போடா!’ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே குளிரில் போன் அணைந்துவிட்டது. அம்மாவுக்கு அடுத்த இரண்டு மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது ஓட்டையில் சாக்கு மூட்டையில் மாட்டியது போல ஒரு கனம். பாசி என்று நினைத்தேன். பாசி நகர்ந்தது. நைலான் நரம்பு ஐஸ் விளிம்பில் உரசிப் போவதைப் பார்த்துப் பெரியவர் மண்டிபோட்டு, வெறுங்கையால் அதை ஓட்டை நடுவுக்குத் தள்ளிப் பிடித்தார். நுனியில் கம்பி கட்டியிருந்ததால்தான் பல்லில் அறுபடாமல் தப்பியது. மூன்று முறை ஓட்டைவரை வந்து மூன்று முறையும் திரும்பி ஓடியது. நான்காம் முறை அந்த வாத்து மூக்கு ஓட்டைக்குள் சரியாக நுழைந்தது. வாய்க்குள் விரல் விடாதே என்று சைகை காட்டிக் குறடை நீட்டினார். ஒன்றே முக்கால் கிலோ. பனியில் கிடந்தபோது அந்தப் பச்சை, மழைக்குப் பிந்தைய பாறைப் பாசியின் பச்சை.

ஹவ்கிக்கு முள்தான் பிரச்சினை. முதுகோரம் கவட்டை கவட்டையாக ஒரு வரிசை ஒளிந்திருக்கும். இங்கே பலர் அரைத்து வடை மாதிரி பொரிப்பார்கள். மனைவி ஆவியில் வேகவைத்து, முள்ளைப் பொறுமையாக உருவி, சுறாப்புட்டு முறையில் மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டுப் புட்டு செய்தாள். இந்த மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் நாடாப்புழு வரலாம். எங்கள் சட்டியில் அதற்கு வாய்ப்பே இல்லை. பெரியவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரம் தாங்குமா என்ற பயத்தோடுதான். மறுநாள் கிண்ணம் கழுவிக் கதவில் தொங்கியது. உள்ளே ஒரு ஐஸ் கரண்டி, நீளமான கைப்பிடி, கொஞ்சம் துருப்பிடித்தது.

ஜல்லிக்கரண்டி சமையலறைக்குத் திரும்பிவிட்டது. கொடித் தூண்டிலுக்குக் கட்டணம் கட்டியாயிற்று, தண்ணீர்ச் சொந்தக்காரருடைய அனுமதிக்கும் எழுதிப்போட்டிருக்கிறேன். ஐஸ் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.