எட்டு மைக்ரோனுக்காக ஒரு மாதம்

வாசிப்புக் கண்ணாடி மாற்றத்தான் போனேன். கண்ணின் பின்புறத்தைப் பார்த்த வைத்தியர், பார்வை நரம்பின் குழி பெரிதாக இருக்கிறது, அந்த நரம்பைத் தேய்க்கும் குளுக்கோமா நோயாக இருக்கலாம் என்றார். கண் அழுத்தம் 17. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் 10 முதல் 21 வரை சாதாரணம் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அவர் சிரித்தார். விறைப்பு மருந்து ஒரு துளி விட்டு, பேனை போன்ற ஒன்றால் கருவிழியைத் தொட்டு அதன் தடிப்பை அளந்தார். 502 மைக்ரோன். மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோன். சராசரி 540 அளவில் இருக்குமாம். கருவிழி மெல்லியதென்றால் கருவி அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். "உங்கள் 17ஐ நான் 17 என்று நம்பமாட்டேன்" என்றார்.

பிறகு ஓசிடி ஸ்கேன். விழித்திரையின் நரம்பிழைப் படலத்தை அளப்பது அது. வலக்கண்ணில் படலத்தின் சராசரித் தடிப்பு 84 மைக்ரோன். வயதாக ஆக எல்லோருக்கும் அது சிறிது சிறிதாகத் தேயும். இந்த நோயில் வேகமாகத் தேயும், தேய்ந்தது திரும்பாது. கண் அழுத்தத்தைக் குறைக்க, இரவில் ஒரு சொட்டு லட்டானோப்ரோஸ்ட் மருந்து தொடங்கியது.

அடுத்த வருடம் அந்த இயந்திரம் பழுது. வேறோர் இடத்தில் எடுத்தேன். 76! ஆரையம்பதிக்குத் திரும்பும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது ஒரு கண்ணைப் பொத்தி வாவியைப் பார்த்தேன், மற்றதைப் பொத்திப் பார்த்தேன். தோணிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அதை நம்பியும் பயனில்லை. ஓரப்பார்வை போவதை மூளை மறைத்துவிடும். ஒரு மாதம் சுவர்க் கலண்டரோடு இதே வேலை. "கலண்டருக்கு என்ன தெரியும், வைத்தியரிடம் கேளுங்கள்" என்று மனைவி கடிந்துகொண்டாள்.

வைத்தியர் 76ஐப் பார்க்கவில்லை. தாளின் மூலையைப் பார்த்தார். சமிக்ஞை வலு பத்துக்கு 4. படமே மங்கல். போதாததற்கு வேறு கம்பனி இயந்திரம். படலத்தின் எல்லையை ஒவ்வொன்றும் தன் கணக்கில் கீறும், ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடக்கூடாது. இதைத் தாளைத் தந்தவர்கள் சொல்லியிருக்கலாம். பழைய இயந்திரம் திருத்தப்பட்டதும், வறண்ட கண்ணுக்குக் கண்ணீர்த்துளி விட்டு, இமைக்கச் சொல்லி மறுபடி எடுத்தார்கள். 83. ஒரே நாளில் இருமுறை எடுத்தாலும் அவ்வளவு வித்தியாசம் வருமாம்.

கூடப்பிறந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பதால் அக்கரைப்பற்றுத் தம்பியை அழைத்தேன். "எனக்குக் கண் வடிவாகத் தெரிகிறது அண்ணன்" என்று இரண்டு மாதம் இழுத்தான். வியாழக்கிழமை வருகிறான். கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், மோட்டார் சைக்கிளில் வராதே என்று சொல்லியிருக்கிறேன்.