டெய்லர் என்று எழுதாதீர்கள்: பனியன் கம்பெனி, பட்டறை வேலைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள்

திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரத்தை இணைத்து அடிப்பவரும் டெய்லர், பேட்லாக் மெஷினில் மடிப்பு அடிப்பவரும் டெய்லர். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கில பயோடேட்டாவில் அப்படியே எழுதினால், அளவெடுத்துக் கோட்டு தைப்பவர் என்று நினைத்துவிடுவார்கள். கம்பெனித் தையலுக்கு அங்கே பெயர் சூயிங் மெஷின் ஆபரேட்டர்.

அதுவும் போதாது. மெஷின், ஆபரேஷன், துணி மூன்றும் வேண்டும்: "நாலு நூல் ஓவர்லாக், ஷோல்டர் ஜாயின்ட், 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி" என்கிற மாதிரி. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்; சிங்கிள் ஜெர்சி என்பது டீசர்ட்டுக்கான பின்னல் துணி. நாம் சிங்கர் என்பதை சிங்கிள் நீடில் லாக்ஸ்டிச் என்று எழுதுங்கள். பேட்லாக்கில்தான் கவனம் தேவை; பிளாட்லாக் என்ற சொல்தான் இங்கே அப்படித் திரிந்திருக்கிறது. டீசர்ட்டின் அடிமடிப்பும் கைமடிப்பும் அடிக்கும் நம் மெஷினுக்கு வெளியே கவர்ஸ்டிச் என்று பெயர். பிளாட்லாக் என்றால் இரண்டு துண்டுகளின் ஓரத்தை ஒட்டவைத்துத் தட்டையாக இணைக்கும் வேறு தையல். மாற்றி எழுதினால் டெஸ்டில் பழகாத மெஷினில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்ல கைத்தொழில்காரர் ஒரு பெயரால் திரும்பி வருவது கொடுமை.

கட்டிங் மாஸ்டர் வெறும் கட்டர்தான். பேட்டர்னும் போடுவாரென்றால் பேட்டர்ன் கட்டர். ஒன்றரை ஷிப்ட் என்பதை 12 மணி நேரம் என்று எழுதுங்கள்.

கோவைப் பக்கம் பவுண்டரிக்காரர்கள் (வார்ப்படத் தொழிலாளிகள்) அச்சு செய்யும் மோல்டரா, உள்கூடு செய்யும் கோர் மேக்கரா, உலை பார்க்கும் ஃபர்னஸ் ஆபரேட்டரா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வார்ப்பில் ஒட்டியிருக்கும் கேட், ரைசர் என்ற உபரி உலோகத்தை நீக்கிப் பிசிறு தேய்ப்பவர் ஃபெட்லர். கம்ப்யூட்டர் கட்டளையில் உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷினில் ஜாப் மாட்டி ஓட்டுபவர் ஆபரேட்டர். டூல் ஆஃப்செட் (வெட்டும் டூலுக்கான அளவுத் திருத்தம்) கொடுத்து, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் பார்த்துத் திருத்துபவர் செட்டர்.

வெல்டர்கள் நாம் ஆர்கான் வெல்டிங் என்பதை ஜிடிஏடபிள்யூ என்றும், ராடு வெல்டிங் என்பதை எஸ்எம்ஏடபிள்யூ என்றும் எழுத வேண்டும். கூடவே பொசிஷன், அதாவது எந்த நிலையில் வெல்டிங் அடிப்பது என்பது: 3ஜி என்பது நிமிர்த்திய தகட்டில் செங்குத்து வெல்டிங்; 6ஜி என்பது 45 டிகிரி சாய்த்துக் கட்டிய பைப்பைத் திருப்பாமல் சுற்றிலும் அடிப்பது. சர்டிபிகேட்டில் உள்ள தடிமன், விட்டம் வரம்பையும் எழுதுங்கள். அதைத் தாண்டிய ஜாப்புக்கு அந்த சர்டிபிகேட் செல்லாது.

கட்டட வேலையில் செங்கல் கட்டும் கொத்தனாரைப் பிரிட்டனில் பிரிக்லேயர் என்பார்கள், பூசுபவர் பிளாஸ்டரர். கம்பி கட்டுபவர் வளைகுடாவில் ஸ்டீல் ஃபிக்ஸர், சென்ட்ரிங் அடிப்பவர் ஷட்டரிங் கார்பென்டர். சித்தாள் வேலைக்கு லேபரர் என்று எழுதுங்கள். கூலி என்று மட்டும் எழுதவே கூடாது. நமக்கு அது உழைப்புக்கான சம்பளம், ஆங்கிலத்தில் அது ஆளை இழிவுபடுத்தும் வசவு.