மிஷன் ட்ரிப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசலாமா

லீவு நெருங்கினா சபையில அறிவிப்பு வரும், வெளிநாட்டுல தெருப்பிள்ளைங்க மத்தியில ஊழியம் செய்ய ஒரு டீம் போகுது, பாரம் உள்ளவங்க பேர் குடுங்கன்னு. பேர் குடுக்கறவங்க எல்லாரும் நல்ல மனசோட தான் குடுக்கறாங்க, அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல. ஆனா மிஷன் கமிட்டில உட்கார்ந்து, போயிட்டு வந்தவங்க காட்டற போட்டோவயும் பார்த்து, அங்கயே வருஷக்கணக்கா கிடந்து வேலை செய்யறவங்க எழுதற லெட்டரையும் படிச்சு படிச்சு எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா புரிஞ்சிடுச்சு. தெருவுல வளர்ற பிள்ளைக்கு ஏற்கனவே நிறைய பேர் வந்துட்டு போயிட்டாங்க. அவனுக்கு தேவை போகாம இருக்கற ஒரு ஆளு.

நைரோபில ஒரு ராத்திரி அவுட்ரீச் டீமோட நான் கூட போயிருக்கேன். அந்த ஊர்க்காரங்க தான் டீம் முழுக்க, லீட் பண்ணது ஒரு அக்கா, கையில ஒரு முதலுதவி பெட்டி, அவ்ளோ தான். பாட்டு இல்ல, பிரசங்கம் இல்ல, சாப்பாடு பொட்டலமும் இல்ல. மூடி கிடந்த கடை வாசல்ல பசங்க சாக்கு விரிச்சு படுத்திருந்தாங்க. ஒரு பையன் எழுந்து வந்து கால நீட்டினான், முழங்காலுக்கு கீழ பழைய காயம், சீழ் பிடிச்சு இருந்துச்சு. அக்கா தரையில உட்கார்ந்து அவன் கால தன் மடியில எடுத்து வச்சு சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க. அவன் வாயில சின்ன பிளாஸ்டிக் பாட்டில், உள்ள செருப்பு தைக்கறவங்க யூஸ் பண்ற பசை, பல்லால கடிச்சு பிடிச்சிருக்கான், மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த நெடி தான் உள்ள போகுது. நான் அத பிடுங்கிடலாமான்னு அக்காவ பார்த்தேன், அவங்க கண்ணாலயே வேணாம்னாங்க. கட்டு போட்டு முடிச்சு, அவன் பேர சொல்லி குட்நைட் சொன்னாங்க.

நடந்து வரும்போது சொன்னாங்க, அது அவன் நிஜ பேரான்னு தெரியாதாம், போன மாசம் வேற பேர் சொன்னானாம். போலீஸ் வந்து அள்ளிட்டு போறப்ப, யாராவது வேன்ல வந்து விசாரிக்கறப்ப, ஒவ்வொரு தடவையும் ஒரு புது பேரு. நிஜ பேரும் ஊர் பேரும் தான் கடைசியா வெளிய வருமாம். பாட்டில பிடுங்கினா பசி தெரியும், குளிர் தெரியும், பயமும் தெரியும், அதுக்கு பதிலா குடுக்க நம்ம கிட்ட அந்த நேரத்துல ஒண்ணும் இருக்காது, அவன் அடுத்த தெருவுக்கு போயிடுவான், அப்புறம் காயத்துக்கு கூட நம்ம கிட்ட வரமாட்டான்னு சொன்னாங்க. அந்த அக்கா எந்த ரிப்போர்ட்லயும் ஹீரோவா வரமாட்டாங்க. அவங்க சம்பளத்துக்கு ஸ்பான்சர் கிடைக்கறது தான் இருக்கறதுலயே கஷ்டம், ஏன்னா சம்பளத்த போட்டோ எடுக்க முடியாது.

இன்னொண்ணும் யாரும் டோனர் கிட்ட சொல்றதில்ல. ஹோமுக்கு கூட்டிட்டு வந்த பிள்ளை திரும்ப ஓடிடும். ஒரு தடவ இல்ல, பல தடவ ஓடும். தெருவுல அவனுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு, அண்ணன் தம்பி மாதிரி பார்த்துக்கறவங்க இருக்காங்க, பழைய இரும்பு பொறுக்கி வித்து கையில நாலு காசு இருக்கு, பசையோட பிடி இருக்கு, எந்நேரமும் யாரும் ஏன்னு கேக்கறதில்ல. ஹோம்ல மணி அடிச்சா எழணும், மணி அடிச்சா சாப்பிடணும். ஓடிப்போனவன் மறுபடி கதவ தட்டும்போது அதே முகம் கதவ திறக்குதாங்கறது தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ரெண்டு வாரத்துக்கு ஒரு புது டீம் வந்து கட்டிப்பிடிச்சு அழுதுட்டு போற இடத்துல அந்த முகம் எங்க இருந்து வரும்? ஏற்கனவே அம்மாவோ அப்பாவோ விட்டுட்டு போன பிள்ளை அது, நாம போய் இன்னொரு தடவ விட்டுட்டு வர்றோம்.

தங்கினவங்கள பத்தி சொல்றேன். பெத்ரோ ஒபேக்கா, அர்ஜென்டினால பிறந்தவர், பெத்தவங்க ஸ்லோவேனியால இருந்து அகதியா வந்தவங்க, அப்பா கொத்தனார், இவரும் சின்ன வயசுலயே அந்த வேலைய கத்துக்கிட்டார். வின்சென்ஷியன் சபை பாதிரியாரா மடகாஸ்கர் போய், தென்கிழக்கு பக்கம் கிராமத்துல பல வருஷம் இருந்துட்டு 1989ல தலைநகர் அன்டனனரிவோவுக்கு வந்தார். அங்க ஊர் குப்பைய கொட்டற மலை, அது மேலயே குடும்பம் குடும்பமா ஜனங்க, பிள்ளைங்க நாயோடயும் பன்னியோடயும் போட்டி போட்டு சாப்பாடு தேடறாங்க. அந்த ராத்திரி அவருக்கு தூக்கம் வரலயாம், முழங்கால்ல நின்னு ஜெபிச்சாராம். மறுநாள் போய் அவங்க கூட உட்கார்ந்தார். அப்படி ஆரம்பிச்சது தான் அகமாசோவாங்கற அமைப்பு.

எனக்கு அவர்ல பிடிச்சது, முடியாதவங்களுக்கு, முதியவங்களுக்கு தவிர மத்தவங்களுக்கு சும்மா குடுக்கறதில்லங்கறதுல அவர் ரொம்ப கறார். வேலை செய்யறதுக்கு வா, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பு, ரெண்டும் சரின்னா நான் உன் கூட இருக்கேன். பக்கத்துல கருங்கல் குவாரி, ஜனங்க கல்லு உடைச்சு கூலி வாங்கறாங்க, அதே ஜனங்க கையாலயே ஆயிரக்கணக்குல செங்கல் வீடு எழும்பி இருக்கு, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தாச்சு. கல்லு உடைக்கறது ரொம்ப கஷ்டமான வேலை, அத நான் அழகா காட்ட விரும்பல. ஆனா குப்பை மேட்டுல அப்பா அம்மா கிண்டிக்கிட்டு இருந்தா பிள்ளையும் அங்க தான் கிண்டும், அப்பாக்கு கூலி வந்தா பிள்ளை ஸ்கூல் பெஞ்சுல உட்காரும். தெருப்பிள்ளை ஊழியம்னு தனியா ஒண்ணு இல்ல, அது பெரியவங்களோட வேலை, வீடு, கூலி இதுல தான் ஆரம்பிக்குது. 2019 செப்டம்பர்ல போப் பிரான்சிஸ் அங்க போனப்ப தான் உலகம் பூரா டிவில காட்டினாங்க, அதுக்குள்ள முப்பது வருஷம் ஆயிடுச்சு.

மெக்சிகோல குவெர்னவாகாங்கற ஊர்ல 1954ல நடந்தது இன்னொண்ணு. வில்லியம் வாசன்னு ஒரு அமெரிக்க பாதிரியார். அவரோட கோயில்ல ஏழைங்களுக்கான காணிக்கை பெட்டிய ஒரு பையன் உடைச்சு திருடிட்டான், போலீஸ் பிடிச்சிடுச்சு. இவர் கேஸ் குடுக்கல, அந்த பையன என் கிட்டயே குடுங்கன்னு ஜட்ஜ் கிட்ட கேட்டார். ஜட்ஜ் குடுத்தார், ஒரு வாரத்துல இன்னும் எட்டு பேர அனுப்பி இவங்களையும் வச்சுக்கோங்கன்னுட்டார்! அப்படி வந்தது தான் என்.பி.ஹெச்.ங்கற பிள்ளைங்க இல்லம், இப்ப ஹெய்ட்டி, ஹோண்டுராஸ்னு பல நாட்டுல இருக்கு. அண்ணன் தம்பி அக்கா தங்கைய பிரிக்கமாட்டாங்க, ஒருத்தர் வந்தா கூடப்பிறந்தவங்களையும் சேர்த்து எடுத்துப்பாங்க. இது கேக்கறதுக்கு சின்ன விஷயம். தம்பிக்கு ரொட்டி மிச்சம் வச்சு சாப்பிட்ட பத்து வயசு அக்காவ அந்த தம்பி கிட்ட இருந்து பிரிச்சு நல்ல மெத்தைல படுக்க வச்சா அவளுக்கு தூக்கம் வருமா?

குவாதமாலா கதைய சொல்லாம விட மனசில்ல. 1990 மார்ச்ல தலைநகர் தெருவுல நாலு போலீஸ்காரங்க நாஹமான் கார்மோனாங்கற 13 வயசு பையன எட்டி உதைச்சே சாகடிச்சாங்க, பத்து நாள் ஆஸ்பத்திரில கிடந்து செத்தான். அதே வருஷம் ஜூன்ல அஞ்சு இளைஞருங்க கொல்லப்பட்டாங்க, அதுல மூணு பேருக்கு 18 கூட ஆகல. நாலு பேர கடத்திட்டு போய் கொன்னு ஒரு காட்டுப்பக்கம் போட்டுட்டாங்க, அஞ்சாவது ஆள சில நாள் கழிச்சு சுட்டாங்க. ஒரு கத்தோலிக்க பாதிரியார் ஆரம்பிச்ச கவனன்ட் ஹவுஸோட லத்தீன் அமெரிக்க கிளையான காசா அலியான்சா அங்க தெருப்பிள்ளைங்களுக்கு வேலை செஞ்சிட்டு இருந்துச்சு. அவங்க ஜெபக்கூட்டத்தோட நிக்கல, அந்த அஞ்சு பேர் கேஸுக்கு வக்கீல பிடிச்சாங்க, உள்ளூர் கோர்ட் கை விரிச்சதும் இன்டர் அமெரிக்கன் மனித உரிமை கோர்ட் வரைக்கும் கொண்டு போனாங்க. அந்த பசங்களோட அம்மாங்க போய் சாட்சி சொன்னாங்க. 1999 நவம்பர் 19ல தீர்ப்பு, அரசாங்கம் தான் பொறுப்புன்னு. உயிரோட விட்டா மட்டும் போதாது, மனுஷன் மாதிரி வாழற நிலைமையும் ஒரு பிள்ளையோட உரிமை தான்னு அந்த கோர்ட் எழுதிச்சு. 2001ல நஷ்ட ஈடு தீர்ப்புல அந்த பசங்க நினைவா ஒரு பள்ளிக்கூடத்துக்கு பேர் வைக்கணும்னும் சொன்னாங்க. உயிரோட இருந்தப்ப எந்த ஸ்கூலும் தேடி வராத பசங்க. பதினோரு வருஷம் ஒரு ஃபைல தூக்கிட்டு அலையறதும் ஊழியம் தான்னு நான் நம்பறேன், பத்து நாள் டீமால அத செய்யவே முடியாது.

இப்ப கசப்பான பகுதி, கிறிஸ்தவங்க நாமளே பேசணும், வேற யாரும் வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்க கூடாது. தாமஸ் பர்னார்டோன்னு டப்ளின்ல பிறந்தவர், 1866ல லண்டன் வந்தது சீனாவுக்கு மிஷனரியா போக தான், ஆனா லண்டன் தெருவுல கூரை மேல படுத்து கிடந்த பசங்கள பார்த்து அங்கயே தங்கிட்டார். ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்கு வீடு குடுத்தார், அத யாரும் மறுக்க முடியாது. ஆனா அதே அமைப்பு 1882ல இருந்து பிள்ளைங்கள கப்பல்ல கனடாவுக்கு அனுப்புச்சு, பண்ணை வேலைக்கு. அவங்க அனுப்பினது மட்டுமே சுமார் 30,000 பேர். நிறைய பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்க. நல்ல காற்று, நல்ல வாழ்க்கைன்னு நம்பி தான் அனுப்பினாங்க, பல பிள்ளைங்க அங்க அடியும் தனிமையும் தான் பார்த்தாங்க. இப்படி பல அமைப்பு சேர்ந்து கனடா, ஆஸ்திரேலியான்னு அனுப்பினதுக்கு பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்பு கேட்டது 2010ல தான். நல்ல எண்ணம் இருந்துச்சு, அம்மாவ தேடற பொறுமை இல்ல.

அந்த பழக்கம் இன்னும் போகல. கம்போடியால அனாதை இல்லங்கள்ல இருந்த பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு பெத்தவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு ஆய்வுல வந்துச்சு. டூரிஸ்ட்டும் வாலண்டியர் டீமும் வர வர இல்லங்களும் பெருகிச்சு, ஏழை அம்மா கிட்ட படிப்பு தர்றோம்னு சொல்லி பிள்ளைய வாங்கிட்டு வர்ற ஆளுங்களும் வந்தாங்க. 2018ல ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தன சட்டம் கொண்டு வந்தப்ப இதையும் பேசினாங்க. ஸ்கூல் ஃபீஸும் மாசம் கொஞ்சம் அரிசியும் அந்த அம்மாவுக்கே குடுத்திருந்தா பிள்ளை வீட்டுலயே இருந்திருக்கும். ஆனா அத பார்க்க யாரும் பிளைட் ஏறி வரமாட்டாங்க.

நல்லா செய்யற டீம்ங்க என்ன பண்றாங்கன்னா, பிள்ளை ஊர் பேர சொன்னதும் உடனே கூட்டிட்டு ஓடறதில்ல. முதல்ல ஊழியர் மட்டும் தனியா போவார், வீட்டுல யார் இருக்கா, மாற்றான் தகப்பன் அடிச்சானா, பாட்டி இருக்காங்களா, சித்தி வச்சுப்பாங்களான்னு பார்ப்பார். ரெண்டு மூணு தடவ போய் பேசி, அப்புறம் தான் பிள்ளைய கூட்டிட்டு போவாங்க, அதுக்கப்புறமும் மாசா மாசம் போய் பார்ப்பாங்க. வீடே ஆபத்துன்னா வேற குடும்பம் தேடுவாங்க. பெண்பிள்ளைங்க விஷயம் இன்னும் கஷ்டம், தெருவுல அவங்க கண்ணுல படறதே கம்மி, யார் வீட்டுலயோ வேலைக்கோ அதவிட மோசமான இடத்துக்கோ இழுத்துட்டு போயிடறாங்க, அவங்கள தேட பெண் ஊழியர்கள் வேணும், அதுக்கும் சம்பளம் வேணும்.

பிரசங்கம் பத்தி கேக்கறவங்களுக்கு. நான் விசுவாசி, இயேசு இல்லாம இந்த வேலைக்கு இவ்ளோ பேர் வாழ்க்கைய குடுத்திருக்க மாட்டாங்கன்னு நம்பறவன். ஆனா பசிச்ச பிள்ளைய வரிசைல நிக்க வச்சு பாட்டு பாடினா தான் தட்டுன்னு சொல்றத என்னால ஏத்துக்கவே முடியல. அவர் அஞ்சு அப்பத்த பகிர்ந்தப்ப யார் என்ன நம்பறாங்கன்னு கேட்டுட்டு குடுக்கல. காயத்த கழுவற கைய பார்த்து பிள்ளையே ஒரு நாள் கேக்கும், நீங்க ஏன் இப்படி இருக்கீங்கன்னு. அப்ப சொல்லலாம், நிறைய சொல்லலாம்.

நல்ல சமாரியன் கதைய நாம ரோட்டோரம் காயம் கட்டினதோட நிறுத்திடறோம். அந்த ஆள் அவன சத்திரத்துக்கு கொண்டு போய் அந்த ராத்திரி கூடவே இருந்தான், மறுநாள் தான் கிளம்பினான், சத்திரக்காரன் கையில காசு குடுத்து மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னு சொன்னான். அங்க பார்த்துக்கிட்டது உள்ளூர் சத்திரக்காரன். நம்ம மாதிரி தூரத்துல இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டாவது பாதி தான் எழுதி வச்ச மாதிரி இருக்கு. டோனாவூர்ல பிள்ளைங்களுக்காக வாழ்ந்த மிஷனரி எமி கார்மைக்கேல் மாதிரி 1895ல இந்தியாவுக்கு வந்து 1951ல கண் மூடற வரைக்கும் சொந்த ஊருக்கு திரும்பாம இருக்க எல்லாருக்கும் அழைப்பு இல்ல. அழைப்பு இருக்கறவங்க மொழி கத்துக்கிட்டு, பல வருஷத்துக்குன்னு போகட்டும், அவங்கள முழுசா தாங்குவோம். மத்தவங்க அங்க ஏற்கனவே தெருவுல உட்கார்ந்திருக்கறவங்களோட சம்பளத்த தாங்கலாம். டாக்டர், நர்ஸ், கணக்கு பார்க்கறவங்க, அந்த ஊழியர்களுக்கு டிரெயினிங் குடுக்க முடிஞ்சவங்க, அவங்க கூப்பிட்டா குறுகிய காலத்துக்கும் போகலாம், பிள்ளைங்கள தூக்கி வச்சுக்க இல்ல, ஊழியர்களுக்கு ஒரு வாரம் மூச்சு விட நேரம் குடுக்க.

அடுத்த கமிட்டில நான் இத வைக்க போறேன்: இந்த வருஷம் டீமோட பிளைட் டிக்கெட் பணத்துல அங்க எத்தனை உள்ளூர் ஊழியருக்கு ஒரு வருஷ சம்பளம் வரும்னு முதல்ல கணக்கு போட்டு பார்ப்போம், அந்த கணக்க அந்த ஊர் டீம் கிட்டயே காட்டி உங்களுக்கு எது வேணும்னு கேட்போம், அவங்க நீங்களே வாங்கன்னு சொன்னா போவோம். உங்க சபையிலயும் யாராவது இத கேட்டு பார்த்திருந்தா என்ன பதில் வந்துச்சுன்னு சொல்லுங்க, எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.